தம்பியின் தலையில் ஊற்றாத தண்ணீர்

என் தம்பிக்குப் பெயர் கிடையாது. பத்தொன்பது நாள் இந்தப் பூமியில் இருந்தான். பால் குடித்தான், என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான், பெயர் மட்டும் இல்லாமலே போய்விட்டான். நம் வழக்கத்தில் ஞானஸ்நானத்தின்போதுதானே பெயர் வைப்பார்கள். அவனுக்கு அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுபதை நெருங்குகிற கிழவிக்கு இவ்வளவு கோபம் ஆகாது, ரத்தக்கொதிப்பு ஏறும் என்கிறாள் மருமகள். ஏறட்டும்.

என்னோடு கோயில் தாழ்வாரத்தில் சப்பணமிட்டு ஞானோபதேசம் படித்தவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். உன்னைப் படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார், செத்த பிறகு எங்கே போவாய்? பெரிய பெரிய ஞானிகள் எல்லாம் தாடியை உருவிக்கொண்டு யோசித்த கேள்விகளுக்கு, ஒன்பது வயதில் நமக்கு ஆளுக்கொரு வரியில் பதில் தெரியும். மறுகேள்வி கேட்டால் அடி விழும். அதனால் நாம் கேட்கவில்லை. கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம்.

உபதேசியாரை நினைவிருக்கிறதா? வெள்ளை வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் புளியமிளாறு. பூசைக்கு உதவி, கல்லறைக்குக் காவல், நமக்கு வாத்தியார், எல்லாம் அவர்தான். மழைக்காலத்தில் அந்தத் தரை சில்லென்று இருக்கும். பாவாடை ஈரமாகித் தொடையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனையும் வௌவால் நாற்றமும் கலந்து வரும். இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் பட்டால் என் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறது.

அந்த வருஷம் எனக்கு முதல் பரிசு. பிரான்சிலிருந்து வந்த மாதா படம், ஓரமெல்லாம் லேஸ் மாதிரி வெட்டியது. எந்தக் கேள்விக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது, பக்கத்தில் சாமியார் இல்லை, அப்போது யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு. யாரும் கொடுக்கலாம் என்றேன். ஆணோ பெண்ணோ, பெரியவரோ சிறியவரோ, தலையில் தண்ணீரை ஊற்றிப் பிதா சுதன் என்று வருகிற அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும் என்றேன். அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். ஊற்றாமல் செத்துப்போகிற குழந்தை எங்கே போகும்? லிம்போவுக்குப் போகும். அங்கே நெருப்பு இல்லை, வேதனை இல்லை. ஆனால் கடவுளின் முகத்தை ஒருநாளும் பார்க்க முடியாது, மோட்சத்தில் இருக்கிறவர்களோடு ஒருநாளும் சேர முடியாது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். உபதேசியார் மிளாறைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

தம்பி பிறந்தது புரட்டாசி கடைசியில். எனக்குப் பத்து வயது. எனக்கு அப்புறம் வீட்டில் தொட்டிலே ஆடவில்லை என்பதால் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, பிரெஞ்சுக்காரன் போகும்போது அவன் குடியுரிமையை வாங்கிக்கொண்டு அவன் பட்டாளத்துக்கே போய்விட்டவர். அப்படிப் போனவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுக்கு நடக்கிற மரியாதையும் மில்காரன் வீட்டுக்கு நடக்கிற மரியாதையும் உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு நாமும் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டோமே என்ற ஏக்கம் அப்பாவைக் கடைசிவரை அரித்துக்கொண்டிருந்தது.

அதனால் மகனை ஞானஸ்நானத்தில் ஏந்தி நிற்கிற ஞானத்தகப்பன் பெரியப்பாதான் என்று பிறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார். ஞானத்தகப்பன் சொல்தாவாக இருந்தால் பையனை நாளைக்குப் பிரான்சுக்கு அழைத்துக்கொள்வார், படிக்க வைப்பார், மகன் சட்டையில் பஞ்சுத்தூசி ஒட்டாது. பெரியப்பா கார்த்திகைக்கு முன்னால் லீவில் வருகிறார், தான் வந்துதான் பிள்ளையைக் கையில் ஏந்துவேன் என்று கடிதம் எழுதியிருந்தார். ஞானஸ்நானச் சட்டை ஒன்றும் வேறொரு சொல்தா கையில் முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தது. கணுக்கால் தாண்டித் தொங்குகிற வெள்ளைச் சட்டை, அதற்கு ஒரு குட்டித் தொப்பி, தொப்பிக்குச் சாட்டின் நாடா. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. நான் திருட்டுத்தனமாகத் திறந்து கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.

எட்டு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பினார். உபதேசியார் இரண்டு தடவை வாசலுக்கு வந்தார். அண்ணன் வரட்டும் சாமி, அண்ணன் வரட்டும் சாமி என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்களும் சரி என்று போய்விட்டார்கள். சொல்தா வருகிறார் என்றால் கோயிலுக்கும் கொஞ்சம் பொறுமை வந்துவிடும் போலிருக்கிறது.

அம்மாவுக்கு இதிலெல்லாம் பேச்சு இல்லை. விழுப்புரம் பக்கத்தில் கம்பு விதைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவள். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினாள். அதோடு அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்காமலே செத்தும் போனார்கள். ஞானோபதேசத்தில் அவளுக்குப் பாதிதான் தெரியும். செபத்தின் நடுவில் வார்த்தை மறந்தால் உதட்டை மட்டும் அசைப்பாள், நான் பார்த்துவிட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

பதினேழாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பதினெட்டாம் நாள் பால் குடிக்கவில்லை. கண் பாதி திறந்தபடி இருந்தது. நான் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, தம்பிக்கு நான் தண்ணி ஊத்தட்டுமா? எனக்கு அந்த வரி தெரியும்."

கன்னத்தில் விழுந்த அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு தடவ ஊத்திட்டா மறுபடி ஊத்த முடியாதுடி, தெரியுமா? அப்புறம் ஒங்க பெரியப்பா அவ்ளோ தூரத்துலேந்து வந்து என்னா பண்ணுவாரு, வேடிக்கை பாப்பாரா?"

அவர் சொன்னதில் பாதி சரி. ஞானஸ்நானம் ஒரு தடவைதான். ஆனால் ஆபத்துக்கு ஊற்றிவிட்டு, பிழைத்த பிள்ளையைப் பிறகு கோயிலுக்குத் தூக்கிப்போய் மற்றச் சடங்குகளைச் செய்யலாம். ஞானத்தகப்பன் ஜம்மென்று நிற்கலாம், பெரிய சட்டையைப் போடலாம், படம் பிடிக்கலாம். இது அப்பாவுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை வாசலுக்கு வந்த உபதேசியாரும் சொல்லவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம்.

மறுநாள் காலையில் அப்பா மில்லுக்குப் போய்விட்டார். இரண்டு நாளாகக் கண் மூடாத அம்மா சுவரில் சாய்ந்தபடி அசந்துவிட்டாள். பாயில் தம்பி. பக்கத்தில் நான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய மூச்சு விட்டு விட்டு வந்தது; ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று நான் காத்திருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் தலைக்கு மேலே பிடித்தேன். அந்த வரி வாய்வரை வந்துவிட்டது. ஊற்றி, அவன் பிழைத்து, பெரியப்பா வந்து நின்றால் அப்பா என்ன செய்வார் என்று நினைத்தேன். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. செம்பைத் தரையில் வைத்துவிட்டேன்.

மில் சங்கு ஊதியது. அம்மா திடுக்கிட்டு விழித்துப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

பத்து வயதுப் பெண்ணின் மனப்பாடத்தில் ஒரு ஆத்துமாவின் கதியை ஏற்றிவைப்பார்களாம். அவள் வாயைத் திறந்தால் அறைவார்களாம். இதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

உபதேசியார் வந்தார். அம்மா பிள்ளைக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அது ஞானஸ்நானச் சட்டை, வாங்காத பிள்ளைக்குப் போடக் கூடாது, கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றார். அப்பா பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினார். எனக்கு அறை கொடுத்த அதே கையால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். அந்தச் சட்டையைப் பிறகு கோயிலுக்கே கொடுத்துவிட்டார்கள். எத்தனை பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பெயர் வாங்கினவோ, எனக்குத் தெரியாது.

மணி அடிக்கவில்லை. சாமியார் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிற மண் சாமியார் செபம் சொல்லி மந்திரித்த மண், அதில் இவனுக்கு இடம் இல்லை. மேற்கு மதிலுக்கு வெளியே, நாண்டுகொண்டு செத்தவர்களைப் புதைக்கிற எருக்கஞ்செடி மூலையில், குழிக்குள் மழைத்தண்ணீர் ஊற ஊற வைத்து மூடினார்கள். வேண்டாத தண்ணீரெல்லாம் அங்கே அவன் மேல் விழுந்தது.

மூன்றாம் நாள் கல்லறைத் திருநாள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மார்க்கெட்டில் சாமந்தி குவியல் குவியலாகக் கிடக்கும், ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்கு நடக்கும். பிள்ளை பெற்ற உடம்போடு வெளியே போகாதே என்று அக்கம்பக்கத்தில் தடுத்தார்கள். அம்மா கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மதிலுக்கு வெளியே போனாள். சேற்றில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, காற்றுக்கு முந்தானையை மறைத்துப் பிடித்துக்கொண்டு குந்தினாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற வைத்திக்குப்பத்து அம்மா, காலிக் கூடையோடு திரும்புகிறவர், பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா, எல்லாரும் உள்ள இருக்காங்க, நீ மட்டும் இங்க குந்திக்கினுகீற?"

அம்மா சொன்னாள். மீன்காரம்மா மதிலை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு கைப்புள்ள. அத உள்ள உடறதுக்கு உங்க சாமிக்கு எடமில்லியா?" என்று கேட்டுவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே பெரிய மனுஷி அவர்.

கொஞ்ச நேரத்தில் உபதேசியார் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்தார். மதில் அவர் மார்பளவுதான் இருக்கும்.

"அம்மா, இங்க ஏத்தக் கூடாது. ஜனங்க தப்பா எடுத்துப்பாங்க. உள்ள வந்து பொதுச் சிலுவைகிட்ட ஏத்துங்க." அதோடு விட்டிருக்கலாம். பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "யாராவது ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா போதுமே. ஒங்க பொண்ணுக்கே தெரியும். பரிசு வாங்குனவளாச்சே."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சொல்லவில்லை. திட்டியிருந்தால், இரண்டு போட்டிருந்தால் நான் உருப்பட்டிருப்பேன்.

பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். வயதானவர், அங்கியின் கீழ்ப்பக்கமெல்லாம் சேறு. அம்மா எழுந்து மதிலோரம் போய் நின்றாள். சாமியாரிடம் அவள் அதுவரை பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் தவிர வேறு பேசியதில்லை.

"சாமி, எம்புள்ள எங்க இருக்கான்?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். வேதனை இல்லாத இடத்தில் இருக்கிறான், நிம்மதியாக இருக்கிறான் என்றார்.

"நான் செத்தா அவனப் பாப்பனா?"

சாமியார் தீர்த்தக் குச்சியைப் பாத்திரத்தில் தோய்த்தார்.

"எங்க அப்பா அம்மா தண்ணி வாங்காதவங்க. அவங்களும் வரமாட்டாங்க. எம்புள்ளையும் வரமாட்டான். அப்ப ஒங்க மோட்சத்துல எனக்கு யார் இருக்காங்க சாமி?"

"ஆண்டவர் இருக்கார்மா."

"அவருக்குத்தான் நெறைய பேரு இருக்காங்களே. எம்புள்ளைக்கு நான் மட்டுந்தான். நான் வாங்குன ஞானஸ்நானத்தத் திருப்பிக் குடுத்துட முடியுமா? நான் அவன் இருக்கற எடத்துக்கே போயிடறேன்."

"அது அழியாத முத்திரைம்மா. திருப்பித் தர முடியாது. இப்படியெல்லாம் பேசறதே பாவம். செபமாலை சொல்லு, மனசு ஆறும்."

அவர் கையில் தீர்த்தக் குச்சி சொட்டிக்கொண்டிருந்தது. கையை ஒரு சாண் நீட்டி உதறியிருந்தால் நாலு துளி இந்தப் பக்கம் விழுந்திருக்கும். விழுந்தால் சட்டப்படி ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தாய் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பாள். அவர் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார்.

மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்று நாம் ஒப்பித்தோமே, அம்மா கேட்டது அதே கேள்விதான். கடவுளைச் சேர்வதற்காக என்று புத்தகம் சொன்னது. பிள்ளையைச் சேர முடியாமல் கடவுளைச் சேர்வதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். நான் பிற்பாடு படித்தேன், பள்ளிக்கூட டீச்சரானேன், தடித்தடியான புத்தகங்கள் எல்லாம் புரட்டினேன். அந்தக் கேள்வியைவிடப் பெரிய கேள்வியை நான் இதுவரை பார்க்கவில்லை. அதைக் கேட்டவளுக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது.

பெரியப்பா ஆறாம் நாள் வந்து இறங்கினார். சென்ட் வாசனை, தகர டப்பாவில் சாக்லேட். விஷயத்தைக் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "என்னப்பா நீ, தண்ணிய ஊத்திட்டு எனக்கு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே. அங்கல்லாம் ஆஸ்பத்திரியில நர்ஸே ஊத்திடுவாங்க. இதுக்குப் போயா எனக்காகக் காத்திருந்த?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுப்பங்கரையில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது. சாக்லேட்டை நான் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அம்மா நன்மை வாங்கவே இல்லை, பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்தைத் தொடவே இல்லை. ஞாயிறு தவறாமல் அப்பாவோடு பூசைக்கு வருவாள், எல்லோரும் நன்மைக்கு எழுந்து போகும்போது கடைசித் தூணோரம் உட்கார்ந்தே இருப்பாள். முத்திரையை அழிக்க முடியாது என்றார்கள். பிள்ளை இருக்கிற பக்கமே இருந்துவிட அவளால் முடிந்தது இது ஒன்றுதான். ஏதோ பெரிய பாவம் செய்திருக்கிறாள், சொல்ல வாய் வரவில்லை என்று ஊர் பேசியது. எனக்கும் பதினாறு வயதில் அவமானமாக இருந்தது. என் கல்யாணப் பூசையில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க அவள் உட்கார்ந்தே இருந்தபோது, படிக்காத பிடிவாதம் என்று மனதுக்குள் வைதேன். நீங்களும் சிலர் என் காதுபடவே சொன்னீர்கள்.

போன பாஸ்காவுக்கு, ஈஸ்டர் சமயத்தில், லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டை மந்திரிக்க ஒரு இளம் சாமியார் வந்தார். நல்ல பையன், ஸ்கூட்டரில் வந்தார், காப்பி குடித்தார். லிம்போவைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப இல்லீங்க ஆன்ட்டி. அது எப்பவுமே கட்டாயப் போதனை கிடையாது, ஒரு கருத்துதான். அந்தக் குழந்தைங்கள ஆண்டவர் கையில விட்டுடறோம்" என்றார். கருத்தாம். ஒரு கருத்துக்காகவா சட்டையைக் கழற்றினார்கள்? ஒரு கருத்துக்காகவா எருக்கஞ்செடிக்குக் கீழே புதைத்தார்கள்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் போட்ட சத்தத்தில் பையன் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். போகும்போது, "அம்மாவும் தம்பியும் இப்ப ஒண்ணா இருப்பாங்க, நம்புங்க" என்றார்.

நம்ப ஆசைதான். ஆனால் அம்மாவின் கடைசி நாளில் நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. எத்தனை புத்தகம் புரட்டினாலும் ஒன்பது வயதில் ஒப்பித்ததுதான் கடைசியில் மேலே வருகிறது. நன்மை வாங்காமல் செத்தால் நரகம் என்று தோன்றியது. அவளைக் கேட்காமல் அப்போதிருந்த சாமியாரைக் கூப்பிட்டேன். அவர் அப்பத்தை நீட்டியதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். சாமியார் தயங்கினார், வேண்டாம் விடுங்கள் என்றார். நான் விடவில்லை. அப்பத்தில் ஒரு துணுக்கைக் கரண்டித் தண்ணீரில் வாங்கி, தாடையை அழுத்தித் திறந்து ஊற்றினேன். தொண்டைக்குள் இறங்கும்வரை வாயைப் பிடித்துக்கொண்டேன்.

சாமியார் போன பிறகு அம்மா கண்ணைத் திறந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மறுபடியும் என்ன அவன்கிட்டேந்து பிரிச்சிட்டியேடி" என்றாள்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில், மதிலுக்கு உள்ளே புதைத்தோம்.